தலைப்பை அனுப்பாதீர்கள், கேள்வியை அனுப்புங்கள்

"தம்பி, இந்த முறையும் படத்தை மடியில வைச்சுக்கொண்டுதான் இருக்கோணுமோ?"

முல்லைத்தீவில் ஒரு தாய், என்னோடு வந்த இளம் செய்தியாளரிடம் கேட்டது இது. அவர் இன்னும் பேனையைக்கூட எடுக்கவில்லை. போர் முடிந்த நினைவு நாள் வரும் ஒவ்வொரு மே மாதமும் யாராவது வந்து, அதே கதிரையில் இருத்தி, மகனின் படத்தைக் கையில் கொடுத்து, அழும்வரை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் திரும்பினோம். எனக்கு ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

இளம் செய்தியாளர்களே, பல வருடங்களாக உங்கள் விவரணக் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். "பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் அவலம்", "மீள்குடியேறியோர் பிரச்சினைகள்", "வன்னி விவசாயிகளின் கண்ணீர்" என்று எழுதி அனுப்புகிறீர்கள். இவை தலைப்புகள். யோசனைகள் அல்ல. வகுப்பிலும் சொல்கிறேன், தொலைபேசியிலும் சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன். வெறும் தலைப்போடு போனால் என்ன கேட்பதென்று தெரியாது. தெரியாதபோது "உங்கட கஷ்டத்தைச் சொல்லுங்கோ" என்றுதான் வாயில் வரும். அவர் அழுதுவிட்டால் கட்டுரை கிடைத்துவிட்டதென்று நினைப்பு. அழுகை எல்லா வீட்டிலும் இருக்கிறது பிள்ளைகளே. அந்த வீட்டில் மட்டும் என்ன நடக்கிறது என்பதைக் கேட்கத்தான் உங்களை அனுப்புகிறோம்.

சரி, யோசனை எங்கே கிடைக்கும்? மக்கள் காத்து நிற்கிற இடங்களில். ஒருமுறை ஓர் அரச அலுவலக வரிசையில் ஒரு அக்கா பொலித்தீன் பையில் கடதாசிகளைச் சுற்றி வைத்திருந்தார். காணி அனுமதிப் பத்திரம் காணாமல்போன கணவரின் பெயரில். மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறார்களாம். "அவர் செத்திட்டார் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

இதுதான் கேள்வி. கணவர் இறந்ததாக எழுதாமல் ஒரு பெண் அந்தக் காணியில் தன் உரிமையை நிலைநாட்ட முடியுமா? இனித் தேட ஆயிரம் வேலை இருக்கிறது. ஆள் காணாமல்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அந்த ஊரில் அதை எடுத்தவர் யார், வேண்டாம் என்றவர் யார், ஏன்? இப்படி அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த அரச காணிகளுக்கான 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசை ஆண்களுக்கே முதலிடம் கொடுத்தது, 2022இல் திருத்தினார்கள். வரிசையில் நிற்கும் அக்காவுக்கு அதை யாராவது சொன்னார்களா? கிராம அலுவலரிடம் போங்கள், காணி உத்தியோகத்தரிடம் போங்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். அந்தத் தாள் வரும்வரை இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகலாம்.

அப்புறம், மே மாதத்தை விட்டால் வன்னியில் கதையே இல்லையா? சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை எத்தனை ஏக்கருக்குப் பங்கிடுவது என்று கூட்டம் நடக்கும்போது பின்வரிசையில் போய் இருங்கள். பேசுகிறவரைவிடப் பேசாமல் எழுந்து போகிறவரைப் பாருங்கள்.

முதல் நாள் கமெரா வேண்டாம். எழுதினால் உதவி வரும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு குளமும் ஒரு கடையும் உள்ள ஊரில், பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதினாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். அச்சில் வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். தயவுசெய்து.

போன மாதம் அந்தத் தாயிடம் மறுபடி போனோம், வெறுங்கையோடு. இரண்டு மணித்தியாலம் கருவாடு பற்றிக் கதைத்தார். தம்பி எனக்கு அனுப்பியது ஒரே ஒரு வரி: "முற்பணம் தந்தவரே கருவாட்டு விலையையும் வைத்தால், காயவைக்கிற அம்மாவுக்குக் கடைசியில் என்ன மிஞ்சும்?"

போய் எழுது என்றேன்.