கிட்டார் அம்பிளிபயரில் முதலில் எந்த வால்வை மாற்றுவது?

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீடு. தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர் என்னை அங்கே கூப்பிட்டிருந்தார். லண்டனிலிருந்து வந்த மாமா கொடுத்த 15 வாட் வால்வு அம்பிளிபயர் அவரிடம் இருக்கிறது. "அண்ணா, வொலியூமை மூண்டுக்கு மேல கூட்டினா கோர்ட் எல்லாம் பிய்ஞ்சு கேக்குது. இடைக்கிடை கரகரக்கவும் செய்யுது. நல்ல பழைய வால்வு ஒரு செட் எடுத்துப் போட்டா சரிவருமோ?" என்று கேட்டார். ஐந்து வால்வுகளையும் ஒரேயடியாக மாற்ற நினைத்து விலையெல்லாம் பார்த்து வைத்திருந்தார்.

காசைக் கொடுக்க முதல் பின்பலகையைக் கழற்றிப் பார்ப்போம் என்றேன். உள்ளே சிறிய 12ஏஎக்ஸ்7 மூன்று, அவற்றைவிட உயரமான இஎல்84 இரண்டு. இந்த ஐந்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சிறியவை கிட்டாரின் சமிக்ஞையைக் கட்டம் கட்டமாகப் பெருக்குபவை, உயரமானவை ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகள். ஆகவே எந்த இடத்தில் எதை மாற்றுகிறோம் என்பதுதான், என்ன பெயர் போட்ட வால்வு வாங்குகிறோம் என்பதைவிடப் பெரிய விஷயம்.

ஊரில் பெரியவர்கள் இன்றும் 'வால்வு றேடியோ' என்பார்கள். அது பொருத்தமான பெயர். கண்ணாடிக்குள்ளிருந்து காற்றை எடுத்துவிட்டு, நடுவில் கதோட்டு என்ற சின்னக் குழாயை வைத்திருப்பார்கள். அதைச் சூடாக்கினால் அதன் மேற்பூச்சிலிருந்து இலத்திரன்கள் கிளம்பும். சுற்றி நிற்கும் அனோட்டில் இருநூறு, முந்நூறு வோல்ற் நேர் அழுத்தம் இருப்பதால் அவை அங்கே பாய்கின்றன. இப்படி ஒரு பக்கம் மட்டும் ஓட்டத்தை விடும் வால்வை ஜோன் அம்புரோஸ் ஃபிளெமிங் 1904இல் செய்தார். 1906இல் லீ டி ஃபொரெஸ்ட் இடையில் மூன்றாவதாக ஒரு கம்பியைப் புகுத்தினார். கிரிட் என்பது அதுதான். கிரிட்டில் அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினால் போதும், அனோட்டுக்குப் போகும் ஓட்டம் நிறைய ஏறி இறங்கும். பைப்பைத் திருகும் விரலுக்கு எவ்வளவு பலம் தேவை, அதனால் பாயும் தண்ணீருக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

தந்தியின் அதிர்வை மின்னாக்கும் கிட்டார் பிக்-அப்பிலிருந்து வரும் சமிக்ஞை பொதுவாக ஒரு வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி 100. ஆனாலும் சுற்றில் பூட்டியபின் ஏறத்தாழ 50, 60 மடங்குதான் கிடைக்கும். அதுவே ஐந்தாறு வோல்ற் ஆகிவிடுகிறது. தொனிக் கட்டுப்பாடுகளையும் வொலியூமையும் தாண்டும்போது அதில் ஒரு பகுதி போய்விட, மிச்சம் இரண்டாம் கட்டத்தின் கிரிட்டுக்கு வருகிறது. அந்தக் கிரிட் கதோட்டைவிட ஏறத்தாழ ஒன்றரை வோல்ற் கீழே நிற்கிறது. சமிக்ஞை அந்த ஒன்றரை வோல்ற்றைத் தாண்டி ஏறினால், கிரிட் தானே இலத்திரன்களை இழுக்கத் தொடங்கி அலையின் தலையைத் தட்டையாக்கிவிடும்.

வால்வின் இனிமை என்று நாம் சொல்வதில் ஒரு பெரும்பங்கு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அலையின் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகும்போது, அடிப்படைச் சுரத்தின் இரண்டு மடங்கு மீடிறனில் ஒரு மேற்றொனி சேர்கிறது. அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. காதுக்கு உறவான சத்தம் என்பதால் ஒற்றைத் தந்தியை மீட்டும்போது தொனி தடித்து அழகாகிறது. ஆறு தந்தியையும் சேர்த்து அடித்தால் கதை வேறு. ஒவ்வொரு சுரமும் மற்றதோடு கலந்து, அவற்றின் மீடிறன்களைக் கூட்டினாலும் கழித்தாலும் வரும் புதிய ஒலிகளை உண்டாக்கும். அவற்றில் பல அந்தக் கோர்ட்டில் இல்லாத ஒலிகள். தம்பி 'பிய்ஞ்சு கேக்குது' என்றது இதைத்தான். புளூஸ் சோலோ வாசிப்பவருக்கு இதே அம்பிளிபயர் பிடித்துப்போகலாம். பாட்டுக்குக் கோர்ட் பிடிப்பவருக்கு இந்த அளவு பெருக்கம் அதிகம்.

கரகரப்பை முதலில் பார்த்தோம். ஒரு வால்வை மெல்ல ஆட்டி வெளியே எடுத்தேன். ஒன்பது ஊசிகளில் இரண்டு மூன்று மங்கி, அடியில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதிதில்லை. கேற்றின் பிணைச்சலைத் தின்னும் உப்புக்காற்றுத்தான் சொக்கெட்டுக்குள்ளும் போகிறது. ஊசிகளில் கொன்டாக்ட் கிளீனரைத் தெளித்து, ஒவ்வொன்றையும் நாலைந்து தரம் செருகி எடுத்தோம். காய்ந்தபின் போட்டுப் பார்த்தால் கரகரப்பு இல்லை. அந்த வால்வுகளை 'பழுது' என்று எறிந்திருந்தால் எவ்வளவு அநியாயம்!

ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் பிளக்கைக் கழற்றி, வால்வு ஆறியபின் செய்யுங்கள். உலோகச் சட்டத்தின் உட்புறத்தில் கை வைக்கவே வேண்டாம். அங்குள்ள கொள்ளளவிகள் பிளக்கைக் கழற்றிய பின்பும் முந்நூறு வோல்ற்றுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும். அது உயிரை எடுக்கும்.

அடுத்தது பென்சில் சோதனை. அம்பிளிபயரைப் போட்டு, மரப் பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் மெதுவாகத் தட்டினோம். முதல் வால்வில் மட்டும் ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணிபோல் கேட்டது. உள்ளே கிரிட் கம்பி அசைவதால் வரும் சத்தம் அது. முதல் இடத்தில் எழும் எந்தச் சின்னச் சத்தமும் பின்னால் வரும் எல்லாக் கட்டங்களிலும் பெருகிப்போகும். இருக்கிற வால்வுகளில் மிக அமைதியானதை முதல் இடத்தில் போடுவது இதற்காகத்தான்.

வால்வின் உச்சியில் வெள்ளிக் கண்ணாடிபோல் ஒரு படலம் பார்த்திருப்பீர்கள். உள்ளே மிஞ்சும் வாயுவை உறிஞ்சுவதற்காகப் பூசிய பேரியம் அது. பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. தம்பியின் ஐந்திலும் அது பளபளவென்று இருந்தது.

ஆக மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. 12ஏஎக்ஸ்7இன் இடத்தில் ஊசி மாறாமல் பொருந்தும் உறவினர்கள் சில உண்டு. பெருக்கக் காரணி 5751க்கு 70, 12ஏடி7க்கு 60, 12ஏவை7க்கு 44 அளவில், 12ஏயூ7க்கு 20க்கும் கீழே. 12ஏவை7ஐ எடுக்கச் சொன்னேன். 1950களின் ஃபெண்டர் டீலக்ஸ் அம்பிளிபயரில் முதல் வால்வாக இருந்தது அதுதான். முதல் கட்டத்தின் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகும். காதுக்கு அது பாதிச் சத்தமாகக் கேட்காது, கொஞ்சம் குறைந்ததுபோல்தான் இருக்கும். ஆனால் அலை தட்டையாகத் தொடங்கும் இடம் வொலியூமில் நன்றாக மேலே தள்ளிப்போகும்.

எல்லா இடத்திலும் இந்த விளையாட்டு சரிவராது. எதிரொலி தரும் ரிவேர்ப் ஸ்பிரிங்கை இயக்கும் இடத்தில் 12ஏடி7 இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே பெருக்கத்தைவிட ஓட்டம் முக்கியம், 12ஏஎக்ஸ்7ஆல் அது முடியாது. பவர் வால்வில் இன்னும் கவனம் வேண்டும். 6எல்6உம் இஎல்34உம் ஒரே சொக்கெட்டில் ஏறும். ஆனால் சூடாக்க முதலாவதற்கு 0.9 அம்பியர் போதும், மற்றதற்கு 1.5 வேண்டும். நிலைமாற்றி தாங்காவிட்டால் எரிந்துபோகும். பயஸ், அதாவது கிரிட்டை எவ்வளவு வோல்ற் கீழே நிறுத்துவது என்பதை, அமைக்கும் திருகி உள்ள அம்பிளிபயரில் பவர் வால்வை மாற்றினால், தெரிந்தவரிடம் கொடுத்து பயஸை அளந்து வையுங்கள்.

சரி, பெயர்? பழைய வால்வுகளில் அருமையானவை இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று 'முல்லார்ட்' என்ற பெயரோடு புதிதாக வருவது இங்கிலாந்தின் பழைய ஆலையிலிருந்து வருவதில்லை, ரஷ்யாவின் சாரத்தோவில் செய்யப்படுவது. பெயரை மட்டும் வைத்து ஆலையைத் தீர்மானிக்க முடியாது. நல்ல நிலையில் உள்ள இரண்டு நிறுவனங்களின் 12ஏஎக்ஸ்7க்கு இடையே உள்ள வித்தியாசம் சிலவேளை ஒரே நிறுவனத்தின் இரண்டு வால்வுகளுக்கு இடையிலும் இருக்கும். தொனியைத் தலைகீழாக மாற்ற விரும்புபவர் ஸ்பீக்கரை மாற்றுவது நல்லது.

12ஏவை7 வந்த அன்று பின்னேரம் தம்பி அதே கோர்ட்களை அடித்துக்காட்டினார். மூன்று, நான்கு, ஐந்து வரைக்கும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. ஆறில்தான் ஓரம் தடிக்கத் தொடங்கியது. 'டிங்' அடித்த 12ஏஎக்ஸ்7ஐ எறியவில்லை. அதை மூன்றாவது இடத்தில் போட்டோம், அங்கே தட்டினாலும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்ததைப் பெட்டியில் போட்டு, திகதியையும் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.