செய்தி வாசிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள், செய்தி தயாரிக்கவும் வாருங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், தேசிய சேவையை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பிகள், வேறு வேலையிலிருந்து ஊடகத்துக்கு மாற நினைக்கும் சகோதரிகள் என்று பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நியூஸ் வாசிக்கணும், என்ன பண்ணணும்?" நல்ல உச்சரிப்பு இருக்கும், பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் போன பழக்கம் இருக்கும். எல்லாம் சரி. ஆனால் சிங்கப்பூரில் தமிழில் தொலைக்காட்சிச் செய்தி வாசிக்கும் இருக்கைகள் மிகமிகக் குறைவு, அதில் உட்காருபவர்களும் லேசில் எழுந்துகொள்ள மாட்டார்கள். அதே செய்தியறையில் செய்தியைத் தேடி, சரிபார்த்து, எழுதி, படத்தை வெட்டி ஒட்டி, குறித்த நேரத்துக்குள் ஒளிபரப்புக்குக் கொண்டுபோகிற தயாரிப்பு வேலை இருக்கிறது. அதற்கு ஆள் தேவைப்படாத காலம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த வேலையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தயாரிப்பாளரின் கையில் இருப்பது ரன்டவுன். எந்தச் செய்தி முதலில், எது எத்தனை வினாடி, எங்கே வாசிப்பாளர் முகம் தெரியும், எங்கே படம் மட்டும் ஓடும், எந்தப் பேட்டித் துண்டு எங்கே வரும், திரையின் கீழே யார் பெயர் எழுதப்படும் என்று எல்லாம் அந்த வரிசைப் பட்டியலில் இருக்கும். காலையில் போட்ட பட்டியல் மாலையில் அப்படியே இருந்தால் அன்று ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

வரவுசெலவுத் திட்ட நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் அந்த உரை பிற்பகல் 3.30 மணிவாக்கில்தான் தொடங்குகிறது, முடிவதற்குள் மாலையாகிவிடும். இரவுச் செய்திக்குள் அதைப் புரிந்துகொண்டு, தமிழில் எழுதி, வரைபடம் போட்டு, நாலு பேரிடம் கருத்தும் வாங்கியாக வேண்டும். 2025இல் பிரதமரும் நிதியமைச்சருமான லாரன்ஸ் வோங் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 800 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றம்) பற்றுச்சீட்டு என்று அறிவித்தார். மே மாதம் 500, அடுத்த ஜனவரியில் 300. அதே உரையில், சிங்கப்பூர் சுதந்திரமடைந்து 60 ஆண்டானதை ஒட்டிய எஸ்ஜி60 பற்றுச்சீட்டும் வந்தது: 21 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு 600, 60 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் 800. ஒரு 800 குடும்பத்துக்கு, இன்னொரு 800 தனி ஆளுக்கு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் குழப்பினால், மறுநாள் சமூக மன்றத்தில் ஒரு தாத்தா தன் காசைக் கேட்டு நிற்பார், அங்கே இருப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாது. நான் அந்த மாதிரித் தகவல்களை ஒரே பக்கத்தில் வைக்க விடுவதே இல்லை, தனித்தனியாக வரட்டும், பத்து வினாடி கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. இப்படி ஒரு முடிவைச் சட்டென்று எடுக்கத் தெரிந்தவர்தான் தயாரிப்பாளர்.

அந்தப் பத்து வினாடியும் எங்கிருந்தோ வர வேண்டும் இல்லையா? செய்தியறை மென்பொருள் எழுதிய சொற்களை எண்ணி, வாசிக்க எவ்வளவு நேரமாகும் என்று தானே கணக்குப் போடும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 முதல் 180 சொல்வரை வாசிக்கலாம். தமிழில் ஒரு சொல்லே நீளம், வேற்றுமையும் விகுதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆகவே நிமிடத்துக்கு அடங்கும் சொற்கள் நிறையக் குறையும். ஆங்கிலக் கணக்கை மாற்றாமல் நம்பினால் அறிக்கை நேரத்தைத் தாண்டி ஓடும், கடைசிச் செய்தி பாதியில் அறுபடும். நல்ல தயாரிப்பாளர் ஒவ்வொரு வாசிப்பாளரின் வேகத்தையும் தெரிந்து வைத்திருப்பார், எழுதியதை உதட்டை அசைத்து ஒருமுறை படித்தும் பார்ப்பார்.

இனி, சிங்கப்பூரில் இந்தத் துறையின் அளவைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1963இல் இங்கே தொலைக்காட்சி வந்ததிலிருந்தே நான்கு மொழி ஒளிபரப்பில் தமிழுக்கு இடம் உண்டு. 2008 அக்டோபரில், தமிழ் நிகழ்ச்சிகளைத் தரும் வசந்தம் தனி ஒளிவழியானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான். அதனால் தமிழ்ச் செய்திப் பிரிவு எப்போதும் சிறியதுதான். நாலைந்து நிறுவனம் மாறி மாறி மேலே போகலாம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் சிறியதாக இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பெரிய செய்தியறையில் ஒருவர் எழுதுவார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் வரைபடம் பார்ப்பார். இங்கே அத்தனையும் உங்களிடமே வரும். காலையில் செய்தியாளர் சந்திப்பு, மதியம் எடிட்டிங், மாலையில் குரல்பதிவு, இரவில் கண்ட்ரோல் ரூம், நடுவில் இணையத்துக்கு ஒரு நிமிடச் செங்குத்துக் காணொளி. மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தால் ஆவணப்படத் தயாரிப்பு, ஆங்கிலச் செய்தி, அமைச்சுகளின் தகவல் தொடர்புப் பிரிவு என்று எங்கே போனாலும் அந்த அனுபவம் உங்களோடு வரும்.

இந்த வேலையில் உண்மையிலேயே கடினமானது தமிழில் பேசும் ஆளைக் கண்டுபிடிப்பது. எடிட்டிங்கை ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. டெங்கி பற்றி ஒரு மருத்துவர் வேண்டும், மின்கட்டண உயர்வு பற்றி ஒரு பொருளியல் வல்லுநர் வேண்டும், அதுவும் மாலை ஐந்து மணிக்குள். தமிழ் மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில், கேமராவைக் கண்டதும் "என் தமிழ் அவ்வளவு நல்லா இருக்காது, விட்டுடுங்க" என்பார்கள். அங்கேதான் தயாரிப்பாளர் வேலை ஆரம்பிக்கிறது. கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள். நோயாளியாக வரும் ஒரு பாட்டியிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள் டாக்டர் என்று கேளுங்கள், பாதிப் பேர் உடனே இயல்பாகிவிடுவார்கள். இடையில் இரண்டு ஆங்கிலச் சொல் விழுந்தால் விழட்டும், அதற்காகப் பத்துத் தடவை திரும்பப் பேசவைத்து மனிதரைச் சோர்வடையச் செய்யாதீர்கள். திரும்பக் கூப்பிட்டால் அவர் வர வேண்டும் அல்லவா?

இதற்கெல்லாம் உங்கள் தொலைபேசியில் ஒரு பட்டியல் வளர வேண்டும். தேக்காவில் மீன் விற்பவர், உட்லண்ட்ஸ் வழியாக தினமும் ஜோகூரிலிருந்து வேலைக்கு வருபவர், ஈசூனில் டியூஷன் எடுப்பவர், பேருந்து ஓட்டுநர், ஓய்வுபெற்ற தாதி, தமிழ் தெரிந்த வழக்கறிஞர். செய்தி இல்லாத நாளிலும் அவர்களிடம் நலம் விசாரியுங்கள். எப்போதும் அதே மூன்று பேரே திரையில் வந்தால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், நம் சமூகம் சின்னது.

வெளிநாட்டு ஊழியர்களிடம் பேட்டி எடுக்கும்போது மட்டும் இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். தமிழகத்திலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் உழைக்கும் ஒருவர் மனசுவிட்டுப் பேசிவிடுவார், நம் ஊர்த் தமிழ் கேட்ட சந்தோஷத்தில். அவருடைய வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. முகம் வரலாமா, பெயர் வரலாமா, இது எங்கெல்லாம் ஒளிபரப்பாகும், இணையத்திலும் அப்படியே கிடக்கும் என்பதை எல்லாம் பதிவுக்கு முன்பே பொறுமையாகச் சொல்ல வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டார் என்பது போதாது. சம்பளப் பிரச்சினை போன்ற விஷயமாக இருந்தால் நிழலுருவமாகப் படம்பிடித்துக் குரலையும் மாற்றச் சொல்லி நானே வற்புறுத்துவேன். நமக்கு அது ஒன்றரை நிமிடச் செய்தி, அவருக்கு ஊரில் இருக்கும் கடன்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குள் அனுமதியில்லாமல் ஒலியோ ஒளியோ பதிவு செய்யக்கூடாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பாதிக்கும்படி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு ஆகும், அதற்கென்றே 2016இல் ஒரு சட்டம் நிறைவேறியது. வழக்கில் 18 வயதுக்குட்பட்டவர் சம்பந்தப்பட்டிருந்தால் அடையாளம் வெளிவரக்கூடாது. முகத்தை மங்கலாக்கினால் முடிந்தது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பள்ளிச் சீருடையைப் பாருங்கள், இந்த ஊரில் சீருடையைப் பார்த்தே எந்தப் பள்ளி என்று சொல்லிவிடுவார்கள். பின்னணியில் புளோக் எண், அப்பாவின் பெயர், அண்டை வீட்டாரின் பேட்டி, எல்லாமே அடையாளம்தான். தற்கொலைச் செய்தியில் எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டவே வேண்டாம், தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் உதவி எண் 1767 மட்டும் கட்டாயம் திரையில் வர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்கள் இப்போது ஒரு தனி வேலை. "சிங்கப்பூரில் வெள்ளம்" என்று ஒன்று வரும், உற்றுப் பார்த்தால் வேறு நாடு. இதில் நம் ஊர் நமக்கு உதவி செய்கிறது: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கில் பெரிய எண் எழுதியிருக்கும், விளக்குக் கம்பம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. வண்டிப் பதிவெண்ணையும் பாருங்கள், நிழல் விழும் பக்கத்தையும் அன்றைய வானிலையையும் பாருங்கள். அனுப்பியவரையே கூப்பிட்டு நீங்கள் எடுத்ததா, எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்த வீடியோவை விட்டுவிடுங்கள், மற்றவர்கள் போட்டாலும் போடட்டும்.

என்ன படிக்கலாம்? நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியின் மக்கள் தொடர்பியல் பட்டயம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பியல் பள்ளி, தமிழில் ஆழம் வேண்டுமென்றால் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பு. எந்தப் பட்டமாக இருந்தாலும், நேர்முகத்தில் நான் பார்ப்பது நீங்கள் செய்து முடித்த ஒன்றை. உங்கள் பேட்டையில் மூடப்போகும் மளிகைக்கடை, தைப்பூசத்தில் சாலை மூடப்படுவதால் சிரமப்படும் கடைக்காரர், ஏதாவது ஒன்று. 90 வினாடி, மூன்று பேரின் குரல், அதில் ஒருவராவது மற்ற இருவரோடு ஒத்துப்போகாதவர். சத்தம் தெளிவாக இருக்கட்டும், படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளலாம், பேச்சு கேட்கவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், தினமும் ஒரு செய்தி அறிக்கையைத் தாளும் பேனாவுமாகப் பாருங்கள், ஒவ்வொரு செய்தியும் எத்தனை வினாடி, ஏன் அது மூன்றாவதாக வந்தது என்று எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கே ரன்டவுன் போட வரும்.

பெற்றோர்கள் கேட்பது நேரத்தைப் பற்றி. ஷிஃப்ட் வேலைதான். தீபாவளியன்றும் செய்தி உண்டு, பொதுத் தேர்தல் இரவு விடியும்வரை போகும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நிரந்தர வேலையா, ஒப்பந்தமா, ஃப்ரீலான்ஸா? ஃப்ரீலான்ஸ் என்றால் முதலாளி தரும் மத்திய சேம நிதிப் பங்கு கிடையாது, மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்புத் தொகையை நீங்களே கட்டவேண்டி வரும், பேசும் சம்பளத்தில் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கடைசி ரயில் போன பிறகு வேலை முடிந்தால் டாக்சிக் காசு உண்டா? பொது விடுமுறையில் வேலை செய்தால் பதில் விடுப்பு எப்போது எடுக்கலாம்? இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நாளைக்கு அமைச்சரிடமே கேள்வி கேட்கப்போகிறவர் நீங்கள்.