ஒன்பது நாள் தண்ணி, பத்தாவது நாள் கரும்பு ஜூஸ்

போன வருஷம் ஆடி மாசம், தெருவுக்குத் தெரு கூழ் ஊத்திட்டு இருந்த நேரம், தண்டையார்பேட்டைல நான் டயட்டீஷியனா உக்கார்ற கிளினிக்குக்கு ஒரு பையன் அவங்க அம்மாவோட வந்தான். 26 வயசு, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை. பேன்ட் இடுப்புல நிக்கறதுக்காக பெல்ட்டுல ஆணிய வெச்சு குத்தி மூணு புது ஓட்டை போட்டிருந்தான். உயரம் 172 செ.மீ., எடை 43 கிலோ. குடல்ல அழற்சி வந்து புண்ணாகற குரோன்ஸ் நோய் இருக்குன்னு கண்டுபிடிச்சு மூணு வருஷம் ஆகுது.

அவங்க அம்மா சொன்னாங்க, "மோஷனு நின்னுட்ச்சி மேடம், கையில கால்லதான் தெம்பே இல்ல, இன்னா சத்து மாவு குடுக்கலாம் சொல்லுங்க".

கதைய கேட்டா, தண்ணி விரதம் இருந்தா குடல் ஆறிடும்னு யூடியூப்ல பாத்துட்டு ஒன்பது நாள் வெறும் தண்ணி. பத்தாவது நாள் ஞாயித்துக்கிழமை, விரதம் முடிஞ்சுதுன்னு காலைல ரெண்டு கிளாஸ் கரும்பு ஜூஸ், மத்தியானம் மட்டன் பிரியாணி. எங்கிட்ட வந்தது பன்னெண்டாவது நாள். கணுக்கால்ல விரல வெச்சு அழுத்தினேன், குழி அப்படியே நின்னுச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மாடிப்படி ஏற முடியலங்கறான். சத்து மாவு பேச்செல்லாம் அப்புறம்னு சொல்லி ஆட்டோ பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அனுப்பிட்டேன். பிளட் டெஸ்ட்ல பாஸ்பரஸ் 1.1, குறைஞ்சது 2.5 இருக்கணும். பொட்டாசியம் 2.8, அது 3.5க்கு கீழ போகக்கூடாது.

இதுக்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு பேரு. சாப்பிடாம இருக்கறப்போ இன்சுலின் இறங்கிடும், உடம்பு கொழுப்பையும் சதையையும் கரைச்சு ஓட்டிட்டு இருக்கும், செல்லுக்குள்ள பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமா காலியாகிட்டே வரும், ஆனா ரத்தத்துல எடுத்து பாத்தா நார்மலா கூட காட்டும். திடீர்னு கரும்பு ஜூஸ் மாதிரி சர்க்கரை உள்ள போனா இன்சுலின் சர்ருன்னு ஏறி ரத்தத்துல இருக்கற பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாத்தையும் செல்லுக்குள்ள இழுத்துடும், கையிருப்புல இருக்கற தையமின்ங்கற பி1 வைட்டமினும் தீர்ந்துடும், இதயமும் மூச்சு விடற தசையும் தடுமாறும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஜப்பான்காரங்க நடத்தின முகாம்கள்ல இருந்து வெளிய வந்த கைதிங்களுக்கு சாப்பாடு போட்டப்போ, பட்டினில பிழைச்சவங்க சாப்பிட்ட பிறகு செத்துப் போனாங்க. அப்பதான் டாக்டர்ங்களுக்கு இது நல்லா புரிய ஆரம்பிச்சுது.

பிரிட்டன்ல டாக்டர்ங்களுக்கு வழிகாட்டுதல் எழுதற நைஸ்ங்கற அமைப்பு குடுத்திருக்கற கணக்குல, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு காட்டற எண்) 16க்கு கீழ இருந்தாலோ பத்து நாளுக்கு மேல சரியா சாப்பிடாம இருந்தாலோ அது ஒண்ணே போதும், ரிஸ்க் அதிகம். பிஎம்ஐ 18.5க்கு கீழ இருந்து அஞ்சு நாளுக்கு மேல சாப்பிடலன்னாலும் அதே லிஸ்ட்தான். நம்ம பையன் விரதம் ஆரம்பிக்கறப்பவே 49 கிலோ, அதாவது பிஎம்ஐ 16.6. ஆறாவது நாளே லிஸ்ட்டுக்குள்ள வந்துட்டான், முடிக்கறப்போ 14.5.

ஆனா அவன் ஏன் இத பண்ணான்னு கேட்டப்போ எனக்கு திட்டறதுக்கு வாய் வரல. அவங்க இருக்கறது ஸ்டோர் வீடு, அஞ்சு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை போகணும், காலைல வெளிய பக்கெட்டோட ஆளுங்க நிக்கறாங்க. யார்டுக்கு போற வழில லாரி டிராஃபிக்குல மாட்டினா ஒரு மணி நேரம் எங்கயும் இறங்க முடியாது. அதனால முதல்ல காலை நாஷ்டாவ விட்டான், அப்புறம் மத்தியான சாப்பாட்ட விட்டான், நல்லா இருக்கேன்னு தோணுச்சு, அந்த நேரம் பாத்து வீடியோ வந்துச்சு. எங்க தரப்புலயும் தப்பு இருக்கு. என்ன சாப்பிடலாம்னு பேஷன்ட் கேட்டா "காரம் குறைங்க, மத்ததெல்லாம் சாப்பிடலாம்"னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடறோம், அவங்க போய் கேக்கறதுக்கு யூடியூப்தான் இருக்கு.

மோஷன் நிக்கறது உண்மைதான். உள்ள ஒண்ணும் போகலன்னா வெளிய வர என்ன இருக்கு, சாப்பிட்ட உடனே வயித்த கலக்குறதும் இல்ல. அத குடல் ஆறிடுச்சுன்னு எடுத்துக்கறாங்க. குடல்ல புண் எப்படி இருக்குன்னு தெரிய மலத்துல கால்புரொடெக்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 250ஐ தாண்டினா பொதுவா உள்ள அழற்சி ஓடிட்டு இருக்குன்னு எடுத்துப்பாங்க. அட்மிஷன் ஆனப்போ எடுத்ததுல இவனுக்கு 900ஐ தாண்டி இருந்துச்சு. பத்து நாளா பாத்ரூம் பக்கமே போகாதவனுக்கு!

குண்டா இருக்கறவங்க ஒரு வாரம் பட்டினி இருக்கறதும் ஒல்லியா இருக்கறவங்க இருக்கறதும் ஒண்ணு இல்ல. கல்லீரல்ல இருக்கற சர்க்கரை சேமிப்பு ஒரு நாள்ல தீர்ந்துடும், அதுக்கப்புறம் கொழுப்பு இருந்தா கொழுப்பு, இல்லன்னா சதை. அதுலயும் குரோன்ஸ் ஆக்டிவா இருக்கறப்போ அழற்சியே சதைய தின்னும், அதனாலதான் கிலோவுக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரோட்டீன் குடுங்கன்னு சொல்றோம். 49 கிலோவுக்கு சுமாரா 60, 70 கிராம். தண்ணில அது பூஜ்யம்.

விரதத்துக்கு "ஜப்பான்காரர் நோபலே வாங்கிட்டாரு"ன்னு வாட்ஸ்அப்ல வரும். 2016ல யோஷினோரி ஓசுமி வாங்கினது ஈஸ்ட் செல்லுக்குள்ள ஆட்டோஃபேஜி, அதாவது செல் தன்னோட பழைய பாகங்கள தானே செரிச்சுக்கறது, எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்கு. அதுல குரோன்ஸும் இல்ல, ஒன்பது நாள் தண்ணியும் இல்ல.

குடலுக்கு ரெஸ்ட் குடுக்கற யோசனையும் புதுசு இல்ல. 1980கள்ல வாய் வழியா ஒண்ணும் குடுக்காம நரம்பு வழியா மட்டும் சத்து ஏத்திப் பாத்தாங்க, மூக்கு டியூப்ல குடுத்தவங்கள விட பெருசா எந்த லாபமும் இல்ல. இன்னிக்கு குரோன்ஸ் இருக்கற குழந்தைங்களுக்கு ஆறுல இருந்து எட்டு வாரம் வெறும் திரவ ஃபார்முலா மட்டும் குடுக்கறோம், நிறைய பேருக்கு நல்லா அடங்குது. பாக்க விரதம் மாதிரி இருக்கும், ஆனா கலோரி, புரோட்டீன் எல்லாம் முழுசா போகுது.

இன்னொண்ணு, எனக்கு தூக்கிவாரிப் போட்டது இதுதான். அவனுக்கு வைசலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை ஓடிட்டு இருந்துச்சு. சீட்டுல "சாப்பாட்டுக்கு அப்புறம்"னு எழுதியிருக்கு, சாப்பாடே இல்லையே, அதனால மாத்திரையும் போடல. மாசக்கணக்கா ஸ்டீராய்டு எடுத்தவங்க அத பட்டுன்னு நிறுத்தினா பிபி இறங்கி ஆளே விழுந்துடலாம், ஏன்னா உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்ட சுரக்கற அட்ரீனல் சுரப்பி மாத்திரையால தூங்கிட்டு இருக்கும். அதோட எடை குறையறதுக்கெல்லாம் விரதம்தான் காரணம்னு விட்டுட்டா நம்ம ஊர்ல குடல் டிபி ஒளிஞ்சுக்கும், குரோன்ஸும் அதுவும் குடலுக்குள்ள கேமரா விட்டு பாக்கற ஸ்கோப்புல பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

ரம்ஜான் நோன்பு பத்தி மண்ணடில இருந்து வர்றவங்க கேப்பாங்க. அது தினமும் சாயங்காலம் சாப்பிடற நோன்பு, இது வேற. நோய் அடங்கி இருக்கா, மாத்திரை டைம் எப்படி மாத்தறதுன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிக்கங்க, உடம்பு முடியாதவங்களுக்கு விலக்கும் இருக்கு.

இத படிக்கறப்பவே ஒல்லியா இருந்து அஞ்சு நாள் தாண்டி பட்டினில இருக்கீங்கன்னா வீட்ல ஜூஸ் குடிச்சு முடிக்காதீங்க, ஆஸ்பத்திரில பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் பாத்துட்டு, தையமின் போட்டுட்டு, அவங்க சொல்ற அளவுல ஆரம்பிங்க. அவனுக்கும் அப்படித்தான், ஒரு நாளைக்கு கிலோவுக்கு 10 கலோரின்னு தொடங்கி ஒரு வாரம் இழுத்துச்சு.

இப்போ 52 கிலோ. குழைஞ்ச சாதம், முட்டை, காசிமேட்டுல வாங்கற கிழங்கா மீன் ஆவில வெச்சது, ரெண்டு வேளை ஃபார்முலா, ஒழுங்கா மருந்து. மோஷன் மூணு தடவைக்கு வந்திருக்கு, பெல்ட்டுல ஆணி ஓட்டை ரெண்ட தாண்டி வந்துட்டான். மாடில இன்னொரு கக்கூஸ் கட்டித்தர சொல்லி ஹவுஸ் ஓனருக்கு கிளினிக் லெட்டர்பேட்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தேன். பொங்கலுக்கு அப்புறம் பாக்கலாம்னு சொல்லியிருக்காராம்.