தண்ணிக்குள்ள சுத்துற ஷாஃப்டுக்கு எண்ணெய் யார் போடுறா?

போன வாரம் ஊட்டி பக்கம் பைக்காரா ஏரியில ஸ்பீட் போட்ல போயிட்டு வந்த ஒருத்தர் கேட்டிருந்தார்: "இன்ஜின் போட்டுக்குள்ள இருக்கு, புரொப்பல்லர் வெளிய தண்ணிக்குள்ள இருக்கு, நடுவுல ஷாஃப்டைத் தாங்குற பேரிங்குக்கு யார் சார் எண்ணெய் போடுவா?" யாரும் போடுறதில்ல, ஏரித் தண்ணியேதான் எண்ணெய். (இன்ஜினே போட்டுக்கு வெளிய பின்னாடி தொங்குற அவுட்போர்ட் மோட்டார்னா அது வேற கதை.)

நீளமான ஷாஃப்ட் வேகம் ஏறினா ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வளைஞ்சு சுத்த ஆரம்பிச்சிடும், ரெண்டு சப்போர்ட்டுக்கு நடுவுல உள்ள தூரத்தைப் பாதியாக்கினா அந்த ஆபத்தான வேகம் நாலு மடங்கு ஆகிடும், அதனாலதான் புரொப்பல்லருக்கு முன்னாடி ஸ்ட்ரட்டுல (போட்டோட அடியிலேர்ந்து ஷாஃப்டைத் தாங்க இறங்குற கால்) ஒரு பேரிங், தேவைப்பட்டா நடுவுலயும் ஒண்ணு. எனக்குப் பிடிச்ச சமாச்சாரம் அந்த ஸ்ட்ரட் பேரிங்குக்குள்ள இருக்கு.

வெளிய பித்தளைக் குழாய், உள்ள ரப்பர், ரப்பர்ல நீளவாக்குல வாய்க்கால் வாய்க்காலா வெட்டு, அவ்வளவுதான், பால்ஸும் கிடையாது ரோலரும் கிடையாது. ஊட்டி மழையில பாசி பிடிச்ச படியில ரப்பர் செருப்போட இறங்கி விழுந்தவங்களுக்கு ஈர ரப்பர் எப்படி வழுக்கும்னு நான் சொல்ல வேண்டாம். ஆனா இங்க வழுக்குறதோட நிக்கல, ஷாஃப்ட் மிதக்குது! சுத்துற ஷாஃப்ட் தன் மேல ஒட்டின தண்ணியை இழுத்துட்டுப் போய் ஆப்பு மாதிரி குறுகிட்டே வர்ற இடுக்குல திணிக்குது, தப்பிக்க வழி பத்தாம தண்ணிக்கு அழுத்தம் ஏறி ஷாஃப்டையே தூக்கிடுது, தலைமுடியை விட மெல்லிசான ஒரு படலம்தான் நடுவுல.

இதை முதல்ல பார்த்தவர் போஷாம்ப் டவர்ங்கிற ஆங்கிலேய இன்ஜினியர், 1883ல, ரயில் அச்சு பேரிங்கை எண்ணெய்ல ஓட்டிப் பார்த்தப்போ. மேல போட்ட ஓட்டையில எண்ணெய் பொங்கி வந்துச்சு, கார்க் வச்சு அடைச்சார், தள்ளிடுச்சு, மரக்கட்டை அடிச்சார், அதையும் தள்ளிடுச்சு. அழுத்தம் அளக்கிற கேஜ் மாட்டிப் பார்த்தா, சுமையால வர்ற சராசரி அழுத்தத்தைப் போல ரெண்டு மடங்கு! 1886ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி இதுக்குக் கணக்கு எழுதினார். இன்னைக்கு ஒருத்தர் 'ஓட்டையில எண்ணெய் ஏன் பொங்குது'ன்னு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டா கொடுப்போமா?

தண்ணி எண்ணெயை விட ரொம்ப நீர்த்தது, படலம் சீக்கிரம் கிழிஞ்சிடும், அங்கதான் ரப்பரோட மகிமை, சுமை விழுற இடத்துல லேசா அமுங்கி குழி ஆகி தண்ணியைத் தேக்கிக்குது. மண் வந்தாலும் ரப்பர் வளைஞ்சு கொடுக்கும், மண்ணு உருண்டு வாய்க்கால்ல விழுந்து வெளிய போயிடும்.

இந்த பேரிங்கை மாட்டும்போது சுத்தியலால அடிக்கக் கூடாது, பித்தளை நசுங்கிடும். குளிர வச்சா சுருங்கி உள்ள போகும்னு சிலர் ஃப்ரீசர்ல வைப்பாங்க, ஜனவரியில இங்க ராத்திரி வாசல்ல வச்சாலே போதும். அப்புறம் இன்ஜினையும் ஷாஃப்டையும் சேர்க்கிற தட்டு ஜோடியான கப்ளிங்கை நேர் பண்றதை போட்டைத் தண்ணியில இறக்கின பிறகுதான் செய்யணும், கரையில நிக்கிற போட்டும் மிதக்கிற போட்டும் ஒரே வடிவத்துல இருக்காது. 4 அங்குல கப்ளிங்னா சுத்தி எங்கயும் இடைவெளி வித்தியாசம் 0.1 மி.மீ. தாண்டக் கூடாது, ஃபீலர் கேஜ்ங்கிற மெல்லிய தகடுகளை இடுக்குல விட்டுப் பாக்கணும்.

ஒரு தடவை ரப்பர் கருகின வாடையோட கரைக்கு இழுத்துட்டு வந்த போட் ஒண்ணைப் பார்த்தேன். முன்னாடி எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதுசா தொங்குது, ஷாஃப்ட் போட்டை விட்டு வெளிய வர்ற இடத்துல இருக்கிற உள்பக்க பேரிங்குக்குத் தண்ணி போற குழாய் மட்டும் பாசியால அடைச்சிருந்துச்சு.