டார்க் சாக்லேட் வாங்கும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள்

உணவு லேபிள் படிப்பது பற்றி நான் எடுக்கும் வகுப்புகளில் டார்க் சாக்லேட் பேச்சு வந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “எத்தனை சதவீதம் வாங்கினால் நல்லது, மேடம்?” எழுபது, எண்பத்தைந்து என்று ஓர் எண்ணைச் சொன்னால் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். உணவுத் தொழில்நுட்பத்தைத் தொழிலாகக் கொண்ட நான் அந்த எண்ணைச் சொல்வதில்லை. “அதில் என்ன கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?” என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலானவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். உறையின் முன்பக்கம் விற்பவரின் விருப்பப்படி அச்சாவது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைச் சட்டம் கேட்கிறது என்பதற்காக அச்சிடுகிறார்கள்.

சதவீதம் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கோக்கோ கொட்டையிலிருந்து வந்த எல்லாவற்றின் மொத்த எடை அது. அரைத்த கொட்டை, தனியாகச் சேர்த்த கோக்கோ வெண்ணெய், கோக்கோ பவுடர் எல்லாம் அதில் அடக்கம். மீதி பெரும்பாலும் சர்க்கரை. 50 கிராம் எடையுள்ள 70 சதவீத பாரில் சுமார் 15 கிராம் சர்க்கரை இருக்கும். 55 சதவீதம் என்றால் அது 22 கிராமைத் தாண்டும். இரண்டு 70 சதவீத பார்கள் ஒரே மாதிரி இருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. ஒன்றில் கொட்டை 65 பங்கு, வெண்ணெய் 5 பங்கு. மற்றொன்றில் கொட்டை 45, வெண்ணெய் 25 என்று இருக்கலாம். முதலாவது நாக்கில் கசப்பும் துவர்ப்புமாக நிற்கும், இரண்டாவது வழவழவென்று கரைந்து போகும். இரண்டும் நேர்மையான சாக்லேட்தான், எது பிடிக்கும் என்பது உங்கள் நாக்கைப் பொறுத்தது.

‘டார்க்’ என்ற சொல் இதைவிடக் குறைவாகத்தான் உறுதி தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பால் சேராத சாக்லேட்டில் கோக்கோ திடப்பொருள் 35 சதவீதம் இருந்தாலே போதும். சதவீதம் எதுவும் போடாமல் ‘டார்க்’ என்று மட்டும் எழுதியிருந்தால், முதல் சேர்மானம் சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே உறையைத் திருப்புவேன். அந்த எண்ணம் பெரும்பாலும் பொய்த்ததில்லை.

வகுப்புக்கு இரண்டு பார்களைக் கொண்டுபோவது என் வழக்கம். ஒன்றின் உறை கருநிறம், அதில் தங்க எழுத்து, பார்த்தாலே பரிசு கொடுக்கத் தோன்றும். பின்பக்கம்: சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கோக்கோ திடப்பொருள், எமல்சிஃபையர்கள் (322, 476), செயற்கை வெனிலா மணம். மற்றொன்று பழுப்புக் காகிதத்தில் சுற்றிய சாதாரணப் பார். பின்பக்கம்: கோக்கோ கொட்டை, சர்க்கரை, கோக்கோ வெண்ணெய். முடிந்தது பட்டியல்.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆகவே முதல் பாரை வாங்குபவர் சர்க்கரைக்கும் தாவரக் கொழுப்புக்கும்தான் முதலில் பணம் கொடுக்கிறார், கோக்கோ மூன்றாம் இடத்தில்தான் வருகிறது. 322, 476 இரண்டும் எமல்சிஃபையர்கள், கலவை பிரியாமல் சீராக இருக்கச் சேர்ப்பவை. 322 என்பது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. நல்ல பார்களிலும் சிறிதளவு இருக்கும், அதைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. 476 ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் பொருள். அதுவும் விஷமல்ல. ஆனால் கோக்கோ வெண்ணெயைக் குறைத்தாலும் கலவை அச்சில் இளகி ஓட அது உதவும். விலை உயர்ந்த வெண்ணெயை மிச்சம்பிடிக்கும் வழி அது என்பதால், அந்த எண்ணைக் கண்டால் தயாரிப்பாளரின் கணக்கு எனக்குப் புரிந்துவிடும்.

இனி கொழுப்பு. என் கணக்கில் சாக்லேட்டின் தரம் பாதிக்கு மேல் இதில்தான் தீர்மானமாகிறது. கோக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டியது. பளபளப்பு, உடைக்கும்போது ‘டக்’ என்ற ஓசை, 34 டிகிரிக்கு அருகில் உருகும் குணம் எல்லாம் அதனால்தான். உடலின் சூடு 37 டிகிரி. அதனால் அறையில் கட்டியாக இருப்பது நாக்கில் பட்டதும் கரைகிறது. இந்தப் படிகத்தைப் பிடிக்க, கலவையை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28க்கு இறக்கி, மீண்டும் 31, 32க்கு ஏற்ற வேண்டும். டெம்பரிங் என்னும் இந்த வேலையில் இரண்டு டிகிரி பிசகினாலும் பார் மங்கிப் பொதபொதத்துவிடும்.

இந்தத் தொல்லையே இல்லாத பொருளின் பெயர் கம்பவுண்ட். கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் பனைவிதைக் கொழுப்பு, கூடவே கோக்கோ பவுடரும் சர்க்கரையும். கட்டியை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றினால் வேலை முடிந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் ‘ஹோம் மேட்’ சாக்லேட்டில் கணிசமான பகுதி இப்படிச் செய்ததுதான். வீட்டில் செய்தது என்பது உண்மையாகவே இருக்கலாம், எதை வைத்துச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. மே மாதத்தில் மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ்ஸில் சென்னை வரைக்கும் வந்தும் பைக்குள் வடிவம் குலையாமல் இருக்கும் சாக்லேட்டைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதில் கோக்கோ வெண்ணெய் இருந்திருந்தால் பாதி வழியிலேயே உருகியிருக்கும். கம்பவுண்டைச் சாப்பிடுவது குற்றமல்ல, பிறந்தநாள் கேக்கின் மேல் பூசியிருப்பதும் பெரும்பாலும் அதுதான். அதைச் சாக்லேட் என்று சொல்லிச் சாக்லேட்டின் விலைக்கு விற்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

சட்டம் இதில் ஓரளவு வாங்குபவர் பக்கம் இருக்கிறது. இந்திய விதிப்படி சாக்லேட்டில் கோக்கோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சேர்த்திருந்தால் அதை உறையில் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் 2000ஆம் ஆண்டு ஆணையின்படி இதே 5 சதவீதம்தான், அதுவும் ஆறு கொழுப்புகளுக்கு மட்டுமே அனுமதி. அந்த ஆறில் குங்கிலிய மர இனமான சால் விதையும், கோகம் என்ற பழத்தின் விதையும், மாங்கொட்டைப் பருப்பும் உண்டு. நாம் தின்றுவிட்டு எறியும் மாங்கொட்டைக்கு ஐரோப்பியச் சட்டத்தில் இடம் கிடைத்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

கருப்பாக இருந்தால் உயர்ந்தது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கோக்கோவைக் காரப்பொருளால் பக்குவப்படுத்தும் முறை 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் கொண்டுவந்தது. அது புளிப்பைத் தணித்து நிறத்தைக் கருக்கும், கோக்கோவில் இயற்கையாக உள்ள, துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்களையும் பெருமளவு அழித்துவிடும். கேக் செய்ய அந்தப் பவுடர் நல்லதுதான். ஆனால் நல்ல கொட்டையில் செய்த பார் பெரும்பாலும் செம்பழுப்பாக இருக்கும். கரிபோல் கறுத்திருந்தால் பட்டியலில் அந்தக் காரப்பொருளைக் குறிக்கும் 500, 501 போன்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சுவையின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. பழத்தை உடைத்து, வெண்சதையோடு கொட்டைகளை மரப்பெட்டியில் குவித்து, வாழை இலை போட்டு மூடி, ஐந்து முதல் ஏழு நாள் புளிக்கவிடுவார்கள். குவியல் 45 டிகிரிக்கு மேல் சூடேறும், இடையிடையே புரட்டிவிட வேண்டும். பிறகு ஈரப்பதம் 7 சதவீத அளவுக்கு வரும்வரை வெயிலில் உலர்த்துவார்கள். ஒரு மூட்டை கொட்டை சோதனைக்கு வந்தால் நாங்கள் முதலில் செய்வது அதிலிருந்து ஒரு கை எடுத்து நீளவாக்கில் வெட்டிப் பார்ப்பதுதான். உள்ளே பழுப்பாக, பள்ளமும் வெடிப்புமாக இருந்தால் நன்றாகப் புளித்தது. கத்தரிப்பூ நிறம் என்றால் அரைகுறை. சிலேட்டு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் புளிக்கவே இல்லை, அதை எப்படி வறுத்தாலும் துவர்ப்பு போகாது.

அதனால்தான் கொட்டை எங்கே விளைந்தது என்று சொல்லும் பாரை நான் மதிக்கிறேன். ‘சிங்கிள் ஆரிஜின்’ (ஒரே இடத்தில் விளைந்தது) என்று போட்டுவிட்டு ஒரு நாட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்வது போதாது. மாவட்டம், தோட்டம் அல்லது விவசாயிகள் குழுவின் பெயர்வரை போனால் அவர் கொட்டையைத் தேடி வாங்குபவர் என்று நம்பலாம். ‘பெல்ஜியம் சாக்லேட்’ என்ற சொல் இந்த வகையில் எதையும் சொல்வதில்லை, பெல்ஜியத்தில் கோக்கோ மரம் வளராது. நமக்குப் பக்கத்திலேயே வளர்கிறது: பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில், இடுக்கியில், ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில். ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ, பொள்ளாச்சிப் பகுதியின் சோக்லெட் (Soklet), மைசூரின் நவிலுனா, கொச்சியின் பால் அண்ட் மைக் போன்றவர்கள் இந்தியக் கொட்டையில் செய்கிறார்கள். இவர்களில் யாரிடமும் நான் சம்பளம் வாங்கவில்லை. உலகெங்கும் உள்ள சிறு தயாரிப்பாளர்கள் பலர் கொட்டையை அரைப்பது, இட்லி மாவு அரைக்கும் கோவை கிரைண்டரைச் சற்றே மாற்றியமைத்த இயந்திரத்தில்தான். இரண்டு மூன்று நாள் விடாமல் ஓடி, நாக்கில் தட்டுப்படாத அளவுக்கு நைசாக்கிவிடும்.

விலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உலகின் கோக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரு நாடுகளிலிருந்து வருகிறது. மழையும் நோயும் அங்கே விளைச்சலைக் கெடுத்ததில், பல ஆண்டுகளாக டன்னுக்கு 2,000, 3,000 டாலர் என்று இருந்த விலை 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கியது. ஆனால் இப்படி விலை ஏறும் காலங்களில் பழைய உறையிலேயே பாரின் எடையும் சேர்மானமும் மாறிவிடுவதுண்டு. பழகிய பாராக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பின்பக்கத்தைப் படியுங்கள். விலையை 100 கிராமுக்குக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். 40 கிராம் பாரும் 80 கிராம் பாரும் அலமாரியில் ஒரே உயரத்தில் நிற்கும்.

மருந்தாக நினைத்து வாங்குபவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. கோக்கோவின் ஃபிளவனால்கள் என்ற பாலிஃபீனால் வகையைப் பற்றிய பெரிய ஆய்வுகளில் கொடுத்தவை செறிவூட்டிய மாத்திரைகள், கடையில் விற்கும் பார் அல்ல. நீரிழிவு உள்ளவர்கள் ‘சுகர் ஃப்ரீ’ என்பதை நம்பி அளவில்லாமல் சாப்பிட வேண்டாம். அதில் மால்டிடால் (965) இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். இன்னொன்று: 2022இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு சோதித்த 28 டார்க் பார்களில் 23, நாளொன்றுக்கு ஓர் அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) தின்றாலே காட்மியம் அல்லது ஈயம் என்ற நச்சு உலோகங்களில் கலிஃபோர்னியா மாநிலம் வைத்துள்ள வரம்பைத் தாண்டுபவையாக இருந்தன. காட்மியத்தை மண்ணிலிருந்து வேர் இழுக்கிறது, ஈயம் பெரும்பாலும் உலர்த்தும்போது தூசியாக ஒட்டுகிறது. பயந்து விட்டுவிட வேண்டாம். ஒரே பாரைத் தினமும் தின்னாமல் ஊரும் தயாரிப்பாளரும் மாற்றி வாங்குங்கள், இரண்டு மூன்று துண்டோடு நிறுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தினப்படி வழக்கமாக்க வேண்டாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆன்லைனில் ஆர்டர் செய்வதைத் தள்ளிப்போடுங்கள், அல்லது ஐஸ் ஜெல் வைத்து அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் ஃபிரிட்ஜில் வைக்காமல் முடியாது. நன்றாகச் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய சாம்பார் வாசனை அதில் ஏறிவிடும். எடுத்த உடனே டப்பாவைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் மேலே நீர் கோக்காது. பாரின் மேல் வெள்ளை படர்ந்திருந்தால் பூஞ்சை என்று எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் உருகி மறுபடி உறைந்த வெண்ணெய் மேலே வந்திருக்கும். உடைத்தால் ‘டக்’ என்று கேட்காது, மணல்போல நெறுநெறுக்கும். சாப்பிடக் கெடுதல் இல்லை, சூடான பாலில் போட்டுக் கலக்கிக் குடிக்கலாம்.