இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?

“யாருமே எட்டிப் பார்க்கிறதில்லை” என்று புலம்பும் தாத்தா, பேரன் வந்து நின்றதும் “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்பார். வந்தவன் முகம் சுண்டிப்போகும். அடுத்த தடவை வர இன்னும் நாளாகும். அவர் குணமே அப்படி என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அந்தச் சிடுசிடுப்பில் மூளைக்கும் பங்கு உண்டு.

தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. வேண்டுகிற உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் வாட்டம். ஒற்றை ஆளாக நிம்மதியாய் இருக்கிற பாட்டியும் உண்டு, பத்துப் பேர் உள்ள வீட்டில் ஏங்குகிற பாட்டியும் உண்டு.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜான் காசியோப்போ தனிமை உணர்வைப் பசி, தாகத்தோடு சேர்த்து வைத்தார். கூட்டமாக வாழ்ந்து பிழைத்த இனம் நாம். கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் “போய்ச் சேர்ந்துகொள்” என்று உடல் நச்சரிக்கிறது. 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பேரை ஒரு நாள் 10 மணி நேரம் யாரோடும் பேசவிடாமலும், வேறொரு நாள் 10 மணி நேரம் பட்டினியாகவும் வைத்து, ஸ்கேன் எடுத்துக்கொண்டே படங்கள் காட்டினார்கள். பசித்தபோது சாப்பாட்டுப் படத்துக்குத் துடித்த நடுமூளை, தனித்திருந்தபோது மனிதர்கள் கூடிப் பழகும் படத்துக்கும் அதேபோலத் துடித்தது. இத்தனைக்கும் அவர்கள் வயதானவர்கள் அல்ல.

சரி, பசித்தவர் சோற்றைத் தேடுகிறார். தனிமையில் வாடுபவர் ஏன் வந்தவரிடம் முறைக்கிறார்? கூட்டத்தை விட்டுப் பிரிந்தவருக்கு யாரால் ஆபத்து வருமோ தெரியாது. அதனால் மூளை உறவுக்கு ஏங்கிக்கொண்டே காவலுக்கும் நிற்கிறது: இவன் முகத்தில் சலிப்பு தெரிகிறதா, போனையே பார்க்கிறானா, எப்போது கிளம்புவான்? ராத்திரித் தூக்கமும் துண்டு துண்டாகிறது. 2007இல் காசியோப்போவும் மரபணு ஆய்வாளர் ஸ்டீவ் கோலும் இப்படிப்பட்டவர்களின் வெள்ளணுக்களைப் பார்த்தபோது, அழற்சியை, அதாவது காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது போன்ற எதிர்ப்பைத் தூண்டும் மரபணுக்கள் கூடுதலாகவும், வைரஸை எதிர்ப்பவை குறைவாகவும் வேலை செய்தன. 14 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் சண்டையில் காயம்படப்போகிறவனைப் போல உடல் தயாராகிறது என்கிற விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. நாலு நாளைக்கு அது காப்பு. வருடக்கணக்கில் நீண்டால் ரத்தக் குழாய்களுக்கே கேடு.

முதுமையே தனிமை என்று நினைத்துவிட வேண்டாம். வயதானவர்கள் பழகும் வட்டத்தைத் தாங்களாகவே சுருக்கி, மனதுக்கு நெருக்கமான சிலரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதில் நிறைவாகவும் இருக்கிறார்கள் என்கிறார் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். சிக்கல் என்னவென்றால், நாலே பேர் உள்ள வட்டத்தில் ஒருவர் போய்விட்டால் அந்த இடம் நிரம்புவதில்லை.

இதோடு காதும் சேர்ந்துகொள்கிறது. இதை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது. உயர்ந்த சுருதியைப் பிடிப்பவைதான் பெரும்பாலும் முதலில் போகின்றன. உயிரொலிகள் காதில் விழும், மெய்யொலிகள் நழுவும். பல்லா, கல்லா, சொல்லா? “பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல” என்பது அதனால்தான். குழந்தைகளின் கீச்சுக்குரல் இன்னும் கஷ்டம். ஆசைப்பேத்தி பேசுவதே பிடிபடாது. கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்கு நடுவே கேட்கவே வேண்டாம். இரண்டு தடவை “என்ன?” என்று கேட்பார், மூன்றாவது தடவை சிரித்துச் சமாளிப்பார், அப்புறம் மண்டபத்துக்கே வர மாட்டார்.

ஆகவே ஆள் வந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது. தனிமையைக் குறைக்கும் முயற்சிகளை 2011இல் தொகுத்து ஆராய்ந்தபோது, மற்றவர்களைப் பற்றிய அந்தக் காவல்கார நினைப்பை மாற்ற உதவிய சிகிச்சைகளே அதிகம் பலித்தன. வெறுமனே சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவை அந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

காது விஷயத்தில் வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. கத்தாதீர்கள், கத்தினால் உயிரொலிதான் பெருகும், மெய் அப்படியே மங்கிக் கிடக்கும். டிவியை நிறுத்திவிட்டு, உதடு தெரியும்படி எதிரே உட்கார்ந்து, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். காது மிஷின் வாங்கிக் கொடுத்தால் முதல் சில வாரங்கள் தட்டுச் சத்தமும் ஃபேன் சத்தமும் இரைச்சலாகத்தான் இருக்கும்; மூளை பழக அவ்வளவு நாள் வேண்டும். பலருடைய மிஷின் அந்தச் சில வாரங்களுக்குள்தான் பீரோவுக்குள் போய்விடுகிறது.