பத்துக்கு ஒன்று, பத்துக்குப் பத்து

பல பத்தாண்டுகளாக ஓடும் அறிவியல் புனைகதை வரிசை ஒன்றில் புதுத் தொடர் வந்தால் போதும், மறுநாளே இந்தக் கேள்வி கிளம்பிவிடும்: “விமர்சகர்கள் பிரமாதம் என்கிறார்கள், ரசிகர்கள் குப்பை என்கிறார்கள். யாரை நம்புவது?” 2024-இல் ஸ்டார் வார்ஸ் வரிசையில் வந்த ‘தி அகோலைட்’ தொடருக்கு விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர் எண் 80 சதவீதத்தை ஒட்டி நின்றது. பார்வையாளர் எண் 20-க்குக் கீழே கிடந்தது. அதே 8 எபிசோடுகளைப் பார்த்தவர்களுக்குள் இவ்வளவு பெரிய பிளவா?

யாரை நம்புவது என்பது இருக்கட்டும். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று முதலில் பார்த்துவிடுவோம். கூட்டலும் சராசரியும் தெரிந்தால் போதும்.

ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்வோம். முதல் எபிசோடை 1,00,000 பேர் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மனதையும் திறந்து 10-க்கு எத்தனை என்று குறித்துக்கொள்ள முடிந்தால், கணக்கு இப்படி வருகிறது: 1 மதிப்பெண் கொடுப்பவர்கள் 1,000 பேர், 2 கொடுப்பவர்கள் 2,000, 3-க்கு 4,000, 4-க்கு 9,000, 5-க்கு 15,000, 6-க்கும் 7-க்கும் தலா 22,000, 8-க்கு 15,000, 9-க்கு 7,000, முழுப் பத்து கொடுப்பவர்கள் 3,000. சராசரி 6.27. வரைந்து பார்த்தால் நடுவில் பருத்து இரு பக்கமும் சரியும் மணி வடிவம். பேச்சு வழக்கில் சொன்னால், “பரவாயில்லை, ஓடட்டும்” ரகத் தொடர்.

முதல் கோளாறு ஓட்டு போடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம் சராசரி மதிப்பெண் அல்ல, ஒரு கோட்டை எட்டியவர்களின் பங்கு. பார்வையாளர் பக்கத்தில் அந்தக் கோடு 5-க்கு மூன்றரை நட்சத்திரம், அதாவது 10-க்கு 7. விமர்சகர் பக்கத்தில் கேள்வியே வேறு: இது நல்ல விமர்சனமா, மோசமான விமர்சனமா? பத்துக்கு ஆறு கொடுக்கும் விமர்சகர் பெரும்பாலும் “நல்லது” பக்கம்தான் சேருவார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஒரு லட்சம் பேரில் 6-உம் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் 69 சதவீதம், 7-உம் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் 47 சதவீதம். ஆட்களையே மாற்றவில்லை, ஒருவர் கருத்தும் மாறவில்லை. கோட்டை ஒரு மதிப்பெண் தள்ளி வைத்ததற்கே 22 புள்ளி வித்தியாசம். கூட்டம் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் கோடு போட்டால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது ஓட்டு. தொடரைப் பார்த்துவிட்டு, தளத்துக்குப் போய், கணக்குத் திறந்து, நட்சத்திரத்தை அழுத்துவது ஒரு வேலை. “ம்ம், பரவாயில்லை” என்று எழுந்து போனவருக்கு அந்த வேலையைச் செய்ய எந்த உந்துதலும் இல்லை. கொதித்துப் போனவருக்கும் சொக்கிப் போனவருக்கும்தான் கை துறுதுறுக்கும். அதனால் 1-லும் 10-லும் இருப்பவர்களில் 20 சதவீதம் பேர் ஓட்டு போடுகிறார்கள், 2-இல் 10 சதவீதம், 3-லும் 9-லும் 5 சதவீதம், 4-லும் 8-லும் 2 சதவீதம், 5 முதல் 7 வரை வெறும் 1 சதவீதம் என்று வைப்போம். விழுந்த ஓட்டு மொத்தம் 2,620. பார்த்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 59,000 பேர், அந்த நடுப்பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் போட்டது 590 ஓட்டு.

இது வெறும் ஊகம் இல்லை. நன் ஹூ, பால் பாவ்லூ, ஜீ ஜாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். அமேசானில் இரண்டு முகடுகளோடு மதிப்பெண் வாங்கியிருந்த இசைக் குறுந்தட்டு ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, விருப்பம் இருக்கிறதோ இல்லையோ எல்லோரையும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டு முகடுகளும் மறைந்து நடுவில் ஒன்றே எழுந்தது.

மூன்றாவதாக, ஓட்டு போடுகிறவர்கள் தங்கள் மனதில் உள்ள எண்ணைப் போடுவதில்லை, மேலே மின்னும் சராசரியை நகர்த்தப் பார்க்கிறார்கள். மனதில் 3 வைத்திருப்பவர் பக்கத்தில் 7.8 என்று பார்த்ததும் “இதுக்கு இவ்வளவா!” என்று 1-ஐ அழுத்துகிறார். 9 வைத்திருப்பவர் அதற்குப் பதிலடியாக 10 போடுகிறார். நம் கணக்கில் 2, 3 எல்லாம் 1 ஆகின்றன, 9 எல்லாம் 10 ஆகின்றன. இப்போது 1-இல் 600 ஓட்டு, 4 முதல் 8 வரை சேர்த்து 1,070, 10-இல் 950.

இங்கே ஒரு வேடிக்கை. சராசரியைக் கூட்டிப் பாருங்கள்: 6.42. உண்மையான 6.27-க்கு ஏறக்குறைய பக்கத்திலேயே இருக்கிறது! இரு தரப்பும் ஏறத்தாழ சம பலத்தில் கயிறு இழுத்ததால் நடுமுடிச்சு நகரவில்லை. ஆனால் வடிவம் முழுக்கப் பொய். “ரசிகர்கள் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள்” என்று தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் பார்ப்பது இந்த வடிவத்தைத்தான். பிளந்தது ரசிகர் கூட்டம் இல்லை, ஓட்டுப்பெட்டி.

இனி வெளியாட்கள். ரிவியூ பாம்பிங் என்கிறார்களே, அது. தொடரைப் பார்க்காமலே, நடிகர் தேர்வோ தயாரிப்பாளரின் பேட்டியோ பிடிக்காமல், 1,500 பேர் வந்து 1 போடுகிறார்கள். பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் 1.5 சதவீதம்தான். ஆனால் மொத்த ஓட்டு இப்போது 4,120 ஆகி, சராசரி 4.45-க்கு விழுகிறது. 7-உம் அதற்கு மேலும் போட்டவர்கள் 1,470 பேர், அதாவது 36 சதவீதம். விமர்சகர் 69, ரசிகர் 36: ஒரு சாதாரண, சுமாரான தொடரிலிருந்து தலைப்புச் செய்தி தயார்.

பார்க்காமல் ஓட்டு போடுகிறார்கள் என்பதற்கு அகோலைட் விவகாரமே சாட்சி. ‘அகோலைட்ஸ்’ என்று 2008-இல் வந்த ஆஸ்திரேலியத் திகில் படம் ஒன்று உண்டு. ஸ்டார் வார்ஸுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெயரைச் சரியாகப் படிக்காமல் வந்தவர்கள் அந்தப் படத்தின் மேலும் மோசமான மதிப்பெண்களைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்காகப் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் எல்லோரையும் கூலிப்படை என்று ஒதுக்குவதும் தப்பு. ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2017-இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடாய்’ படத்தின் இயக்குநரைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட 967 ட்வீட்களை மார்ட்டன் பே என்ற ஆய்வாளர் பிரித்துப் பார்த்தார். படத்தைத் திட்டியவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவற்றில் பாதி அளவுக்கு அரசியல் நோக்கம் கொண்டவை, சீண்டல் கணக்குகள், அல்லது மனிதர் இயக்காத கணக்குகள் என்று வகைப்படுத்தினார். மீதிப் பாதி, படம் பார்த்து ஏமாந்த சாதாரண ரசிகர்கள்.

புள்ளியியல் படித்தவர்கள் இந்த இடத்தில் கை தூக்குவார்கள்: “சராசரியை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? இடைநிலை அளவை எடுங்கள், ஓரத்து ஓட்டுகள் அதை அசைக்காது.” பள்ளிப் பாடம் அப்படித்தான் சொல்கிறது. செய்து பார்ப்போம். வெளியாட்கள் வருவதற்கு முன் 2,620 ஓட்டையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கையில் 7 இருக்கிறது. வெளியாட்கள் வந்த பிறகு 4,120 ஓட்டில் நடு ஆள் 2,060-ஆவது. வரிசையின் தொடக்கத்தில் 1 போட்டவர்கள் மட்டுமே 600 + 1,500 = 2,100 பேர். ஆக இடைநிலை 1! சராசரி இரண்டு மதிப்பெண்தான் சரிந்தது. அசையாது என்று சொன்ன இடைநிலை ஆறு மதிப்பெண் பாய்ந்து தரையைத் தொட்டுவிட்டது.

காரணம் வடிவத்தில் இருக்கிறது. மணி வடிவத்தில் நடு ஆள் பெருங்கூட்டத்துக்குள் நிற்கிறார். பக்கத்தில் ஆட்களைச் சேர்த்தால் வரிசையில் சில நூறு இடம் நகருவார், ஆனால் அந்தச் சில நூறு பேரும் அதே 6, 7 வைத்திருப்பவர்கள். இரண்டு குன்று வடிவத்தில் அவர் நிற்பது குன்றுகளுக்கு இடையே உள்ள ஆளில்லாப் பள்ளத்தில். பிடித்துக்கொள்ள பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு பக்கம் எடை கூடியதும் அந்தக் குன்றின் உச்சிக்கே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறார். இடைநிலை உறுதியானது என்ற பெருமை அந்த நடுக் கூட்டம் கொடுத்த கடன். அந்தக் கூட்டம் ஓட்டு போடாமல் வீட்டுக்குப் போய்விட்டது என்பதுதான் நம் பிரச்சினையே.

தளங்கள் சும்மா இருக்கவில்லை. வெளியாகாத படத்துக்குக் கருத்து எழுதும் வசதியை ராட்டன் டொமேட்டோஸ் 2019-இல் எடுத்துவிட்டது. தன் வீடியோ தளத்தில் வரும் மதிப்புரைகளை அமேசான் 2022-இல் 72 மணி நேரம் நிறுத்திவைத்துச் சலிக்கத் தொடங்கியது. டிக்கெட் வாங்கியதைச் சரிபார்ப்பது இன்னொரு வழி. திரையரங்கப் படத்துக்கு அது ஆகும், வீட்டில் ஓடும் தொடருக்கு டிக்கெட் ஏது?

கணிதத்தில் அழகான வழி, கள்ள ஓட்டைக் கள்ள ஓட்டால் அடிப்பது. திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி தன் ‘டாப் 250’ பட்டியலுக்கு வெளியிட்ட சூத்திரம் இந்த வகை. ஒவ்வொரு படைப்புக்கும் பொதுச் சராசரி மதிப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஓட்டுகளைத் தளமே முன்கூட்டிப் போட்டுவிடும். ஒரு கட்டத்தில் அந்த எண்ணிக்கை 25,000 ஆக இருந்தது. பொதுச் சராசரி 7 என்று கொள்வோம். நம் தொடரின் 4.45, அந்த 25,000 ஏழுகளோடு கலந்து 6.64 ஆகிறது. குண்டு வீச்சு கிட்டத்தட்ட அமுங்கிவிட்டது. ஆனால் அதே 4,120 ஓட்டில் நேர்மையாக 9.2 வாங்கிய அருமையான தொடர் ஒன்று இருந்தால், அதுவும் 7.31-க்கு இழுக்கப்படும். நஞ்சு முறிந்தது, கூடவே ருசியும் போயிற்று.

ஒரு சில்லறைத் தந்திரம் உண்டு. தளத்தில் சராசரியைத் தட்டினால் பெரும்பாலும் பட்டை வரைபடம் திறக்கும். 1-ஐயும் 10-ஐயும் மூடிவிட்டு மீதியை மட்டும் சராசரி எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 6.29 வருகிறது, உண்மை 6.27. இந்த நெருக்கத்தில் பாதி அதிர்ஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரு ஓரமும் ஏறத்தாழ சமமாக வெட்டுப்பட்டதால் வந்தது அது. நிஜமாகவே படுமோசமான தொடருக்கு இதைச் செய்தால் அதைக் காப்பாற்றிவிடுவீர்கள்.

அசல் மருந்து பழையது: வருகிறவர்களை எண்ணாதே, நீ போய்க் கேள். அந்த ஒரு லட்சம் பேரில் குலுக்கல் முறையில் 400 பேரைப் பிடித்துக் கேட்டால், விடை 6.27-க்கு இரு பக்கமும் 0.18-க்குள் விழ 95 சதவீத வாய்ப்பு. தானாக வந்த 4,120 பேரை விட, தேடிப் போன 400 பேர் மேல்.

பிபிசி நெடுங்காலமாக இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்துவந்தது. முன்பே சேர்த்துவைத்த குழுவினர், பார்த்த நிகழ்ச்சிக்கு 10-க்கு மதிப்பெண் போடுவார்கள். சராசரியைப் பத்தால் பெருக்கினால் பாராட்டுக் குறியீடு. 2020-இல் அதன் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூவின் ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ எபிசோட் நாயகப் பாத்திரத்தின் பூர்வீகத்தையே மாற்றி எழுதி ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. ஐஎம்டிபியில் அது 10-க்கு 5-ஐக் கூடத் தொடவில்லை. பாராட்டுக் குறியீடு 82. குறியீடும் குறையற்றது அல்ல, பிடிக்காமல் ஏற்கெனவே விலகியவர்களை அது கேட்பதில்லை. ஆனாலும் வரவேற்பறையில் நடந்ததற்கு 82-தான் கிட்டத்தில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இதே கோளாறு நல்ல நோக்கத்திலும் வரும். ஸ்டார் ட்ரெக் தொடரைக் காப்பாற்ற ரசிகர்கள் நடத்திய இயக்கத்தில், 1967 டிசம்பர் முதல் 1968 மார்ச் வரை அதை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சி என்பிசிக்கு ஏறக்குறைய 1,16,000 கடிதங்கள் குவிந்தன. தொடருக்கு மூன்றாவது சீசன் கிடைத்தது, வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு. மாதிரிக் குடும்பங்களை வைத்து எடுத்த கணக்கில் பார்வையாளர்கள் கூடவில்லை. 1969-இல் 79 எபிசோடுகளோடு முடிந்தது. கடிதம் அன்பின் ஆழத்தைக் காட்டியது, அகலத்தை அல்ல.

ஓட்டு வருகிற வரிசை, நேரம், கணக்கின் வயது எல்லாம் தளங்களின் பெட்டிக்குள் இருக்கிறது. வெளி ஆய்வாளர்களுக்குக் கதவு குறுகிக்கொண்டே போகிறது. ட்விட்டர் 2023-இல் இலவசத் தரவு வழியை மூடியது. டிவி தொடர் ரசனைக்கெல்லாம் ஆய்வு நிதியா என்று சிரிப்பவர்கள் உண்டு. மருந்துப் பக்கவிளைவுப் புகாரிலும் கருத்துக்கணிப்பிலும் இருப்பது இதே கணக்குதான். அதற்குச் செலவழிக்காமல், 7.3-க்கும் 7.4-க்கும் இடையே தரம் தேடுவது எண் ஜோதிடத்துக்கு ஒரு படி பக்கம்.

கடைசியாக, “மூன்று எபிசோட் பொறுத்துக்கொள், அப்புறம் சூடு பிடிக்கும்” என்ற புகழ்பெற்ற வாக்கு. நம் ஒரு லட்சம் பேரில் 4-உம் அதற்குக் கீழும் வைத்திருந்த 16,000 பேர் முதல் எபிசோடோடு விலகிவிட்டால், மிச்சம் 84,000 பேரின் சராசரி 6.83. தொடர் துளியும் முன்னேறவில்லை, மதிப்பெண் மட்டும் அரைப் புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. எபிசோட் வாரியாக மதிப்பெண் ஏறுவதைக் கண்டால் பக்கத்தில் உள்ள ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். எண்ணிக்கை சரியச் சரிய மதிப்பெண் ஏறினால், பிடிக்காதவர்கள் எழுந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை நின்ற இடத்தில் நிற்க மதிப்பெண் ஏறினால், எழுத்தாளர்கள் நிஜமாகவே ஏதோ செய்திருக்கிறார்கள்.